டெல்டாவில் பேத்தாலஜி எம்.டி.: மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் கற்க வேண்டியவை

பெரிய கர்ப்பப்பையைச் சின்ன டப்பாவில் திணித்து, இடுக்கில் கொஞ்சம் ஃபார்மலின் (திசு அழுகாமல் காக்கும் திரவம்) ஊற்றி, மூடியை அழுத்தி மூடி அனுப்பியிருப்பார்கள். வெளியே எடுத்தால் டப்பாவின் வடிவத்திலேயே இறுகியிருக்கும். நடுவில் வெட்டினால் உள்ளே இன்னும் சிவப்பாக, கொழகொழவென்று கிடக்கும். பேத்தாலஜி எம்.டி.யில், அதாவது திசுவையும் ரத்தத்தையும் பார்த்து நோயைச் சொல்லும் நோய்க்குறியியல் மேற்படிப்பில், சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைப் பலமுறை பார்த்துவிடுவீர்கள். உள்சவ்வு அழுகிப்போன அந்தக் கர்ப்பப்பையில் புற்றுநோய் இருந்ததா, எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று பிறகு எந்தப் பேராசிரியராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம்.

மூன்றாண்டுப் படிப்பு. சேருகிற எல்லோருக்கும் சீக்கிரம் ஸ்லைடு பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் ரெசிடென்ட் காலத்துத் தவறுகளில் பல லென்ஸுக்கு அடியில் நடப்பவை அல்ல. டப்பாவில், மாதிரியை வெறும் கண்ணால் பார்த்து வெட்டும் கிராசிங் மேசையில், சாயத் தொட்டியில் அவை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பயிற்சி எடுப்பவருக்குப் பாடநூல் அதிகம் பேசாத சங்கதிகளும் சேர்ந்துகொள்ளும்: ஐப்பசி கார்த்திகை ஈரம், கத்திரி வெயில், கடலோர உப்புத் தண்ணீர். முதல் வருடத்தை இவற்றுக்கே கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறோம்.

'10 சதவீத ஃபார்மலின்' என்பதிலேயே குழப்பம் தொடங்கும். பாட்டிலில் வரும் 37–40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. அப்படிக் கலந்ததில் உண்மையான ஃபார்மால்டிஹைடு சுமார் 4 சதவீதம்தான். ஒரு லிட்டர் பஃபர் ஃபார்மலினுக்கு அந்தக் கரைசல் 100 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். உப்பைச் சேர்க்காமல் வெறும் குழாய்த் தண்ணீரில் கலந்து வைத்தால் நாளாக ஆக ஃபார்மிக் அமிலம் சேர்ந்து பி.எச். இறங்கும். மண்ணீரல், நஞ்சுக்கொடி மாதிரி ரத்தம் நிறைந்த திசுக்களில் கரும்பழுப்புத் துகள்கள் படியும். மெலனினோ என்று சந்தேகம் வந்தால் ஒரு ஸ்லைடைப் பிக்ரிக் அமிலம் நிறைவுற்ற ஆல்கஹாலில் வைத்துப் பாருங்கள். ஃபார்மலின் நிறமி போய்விடும், மெலனின் அப்படியே இருக்கும்.

அளவு, திசுவைப் போல் குறைந்தது 10 மடங்கு. ஃபார்மலின் மணிக்கு ஒரு மி.மீ. கூட உள்ளே போகாது என்று கணக்கு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதனால் வந்தவுடன் திறக்க வேண்டும்: கர்ப்பப்பையைப் பக்கவாட்டில் 3 மணி, 9 மணித் திசையில் இரண்டாகப் பிளக்கவும், மார்பகத்தின் ஓரங்களுக்கு மை பூசிவிட்டு, பின்புறத்திலிருந்து ஒரு செ.மீ. இடைவெளியில் கீறி இடையிடையே காஸ் துணி வைக்கவும். குடலை நீளவாக்கில் திறந்து கழுவவும். மை பூசாமல் கீறிவிட்டால் எது ஓரம், எது நீங்கள் வெட்டிய முகம் என்று பிறகு தெரியாது.

சனிக்கிழமை மதியம் எடுத்த மார்பகம் திங்கள் காலை வரை கீறப்படாமல் கிடப்பதுதான் எல்லாவற்றிலும் வருத்தமானது. மார்பகப் புற்றுக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்கும் ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் சரியாகத் தெரிய, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினைத் தொட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் இருக்க வேண்டும். நடுப்பகுதி அழுகியிருந்தால் ஏற்பி 'இல்லை' என்று பொய்யாக வரும். அந்த அம்மாவுக்கு ஆண்டுக்கணக்கில் உதவியிருக்கக்கூடிய மாத்திரை அப்படியே கைநழுவிப் போகும். சனிக்கிழமை டியூட்டி பார்ப்பவர் பத்து நிமிடம் ஒதுக்கி மை பூசிக் கீறிவைத்தால் போதும். தியேட்டர் சிஸ்டரிடம் பேசி, படிவத்தில் 'எடுத்த நேரம்', 'ஃபார்மலினில் போட்ட நேரம்' இரண்டையும் எழுதும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். ஒருமுறை காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் அவர்களே அக்கறையாகச் செய்வார்கள்.

சிற்றூர் மருத்துவமனைகளிலிருந்து பஸ்ஸில் வரும் மாதிரிகளில் சில வெறும் சலைனில் மிதந்து வரும். சித்திரை வெயிலில் நான்கு மணி நேரம் சலைனில் வந்த பித்தப்பையின் உள்சவ்வு கழன்றுபோயிருக்கும். அனுப்பியவரைத் திட்டிப் பயனில்லை. ஃபார்மலின் ஊற்றிய அகலவாய் டப்பாக்களையும், தமிழில் நாலே வரிக் குறிப்பையும் அவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்து அனுப்புவதுதான் வழி.

கிராசிங் மேசையில் கத்தியை எடுப்பதற்கு முன்னால் படிவத்தைப் படியுங்கள். பெயர், வயது, ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) மூன்றும் டப்பாவில் எழுதியதோடு பொருந்த வேண்டும். டெல்டாவில் ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் படுத்திருப்பது சகஜம். தகப்பனார் பெயரையும் பாருங்கள். பொருந்தாவிட்டால் வெட்டவே கூடாது, வார்டுக்குப் போன். கேசட் என்ற சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கும் துண்டு 3 முதல் 4 மி.மீ. தடிமனைத் தாண்டக் கூடாது. மூடியை அழுத்தி மூட வேண்டியிருந்தால் துண்டு தடித்துவிட்டது என்று பொருள். மெழுகு நடுவரை போகாது, மெல்லியதாகச் சீவும் கருவியான மைக்ரோடோமில் அந்த இடம் குழியாக விழும். எண்டோஸ்கோபித் துணுக்குகளை எண்ணி எழுதி, ஃபில்டர் தாளில் மடித்து, ஒரு சொட்டு ஈயோசின் என்ற சிவப்புச் சாயம் விட்டு அனுப்புங்கள். திசுவை மெழுகில் பதித்து பிளாக் போடும் டெக்னீஷியன் அண்ணனுக்கு அந்தச் சிவப்புப் புள்ளி இல்லாவிட்டால் துணுக்கு மெழுகில் கண்ணுக்கே தெரியாது.

இந்தப் பக்கத்தில் அதிகம் வெட்டப்போவது வாய்ப் புற்றுநோய் மாதிரிகள். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் இங்கே ஆண் பெண் இரு பாலாரிடமும் உண்டு. கன்னத்தின் உட்பக்கத்தில், புகையிலையை ஒதுக்கிவைக்கும் அதே இடத்தில் புண் எழும். மாதிரி வந்ததும் திசை தெரிய வேண்டும்: முன், பின், மேல், கீழ், உட்சவ்வு, வெளித்தோல். தையல் நூல் அடையாளம் இல்லையென்றால் அறுவை சிகிச்சை செய்தவரையே கீழே வரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு ஓரத்துக்கும் வேறு வேறு நிற மை. பிறகு கட்டியைச் சவ்வுக்குச் செங்குத்தாக, 3–4 மி.மீ. இடைவெளியில் வெட்டி, எங்கே அதிக ஆழம் போயிருக்கிறதோ அந்தத் துண்டை முழுத் தடிமனோடு, பக்கத்து நல்ல சவ்வும் சேர வைக்க வேண்டும். காரணம், ஊடுருவல் ஆழத்தை அளப்பது அந்த நல்ல சவ்வின் அடித்தள மட்டத்திலிருந்துதான். மேலே பூத்து நிற்கும் கட்டியின் உச்சியிலிருந்து அல்ல. 5 மி.மீ., 10 மி.மீ. என்ற இரண்டு எல்லைகள் நோயின் கட்டத்தையே மாற்றும். சாய்வாக வெட்டிய துண்டில் 4 மி.மீ. கட்டி 6 மி.மீ. என்று அளவாகும்.

தாடை எலும்பு ஒட்டியிருந்தால் அவசரம் ஆகாது. மென்திசுவை முதலில் எடுத்துவிட்டு, எலும்பை நன்றாக ஃபார்மலினில் இறுகவிட்டு, அப்புறம்தான் அமிலம். 10 சதவீத ஃபார்மிக் அமிலம் மெதுவாகப் போனாலும் செல்களைக் காப்பாற்றும். நைட்ரிக் அமிலம் வேகமானது. ஒரு இரவு மறந்துவிட்டால் உட்கருக்கள் சாயமே ஏற்காது. கழுத்து நிணநீர் முடிச்சுகளை நிலை (கழுத்தில் இருக்கும் இடம்) வாரியாகத் தனித்தனி டப்பாவில் வாங்குங்கள். ஒரே டப்பாவில் ஐந்து நிலைகளும் கலந்து வந்தால், முடிச்சுக்கு வெளியே புற்று பரவியிருந்தாலும் அது எந்த நிலை என்று சொல்ல வழியில்லை. குடலில் குறைந்தது 12 முடிச்சுகள் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் கொழுப்பை இன்னொரு இரவு ஃபார்மலினில் ஊறவிட்டு மறுநாள் விரல் நுனியால் தடவித் தேடுங்கள், பார்வையைவிட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும்.

இப்போது திசுவை ஸ்லைடாக்கும் ஹிஸ்டோ லேப். இங்கே டெக்னீஷியன் அண்ணன்களும் அக்காக்களும்தான் ஆசிரியர்கள். வெட்கப்படாமல் பக்கத்தில் நின்று, ஒரு மாதமாவது தினமும் பத்து பிளாக் நீங்களே வெட்டுங்கள். கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் மெழுகு இளகி, சீவல்கள் ரிப்பனாக வராது. வந்தாலும் சுருங்கி நசுங்கும். பிளாக்கை ஐஸில் நன்றாகக் குளிரவிட்டு, இரண்டிரண்டாக வெட்ட வேண்டும். கோடையில் 60–62 டிகிரியில் உருகும் மெழுகு உதவும். தண்ணீர்த் தொட்டி மெழுகின் உருகுநிலைக்கு 10 டிகிரி கீழே இருக்கட்டும். ஒவ்வொரு பிளாக்குக்குப் பிறகும் தண்ணீர்ப் பரப்பை மெல்லிய தாளால் துடைக்காவிட்டால், முந்தின குடல் புற்றின் ஒரு துணுக்கு அடுத்த பெண்ணின் கருப்பைச் சுரண்டலில் மிதந்து ஏறிவிடும். ஸ்லைடில் ஒரு துணுக்கு மட்டும் வேறு தளத்தில் ஃபோகஸ் ஆகிறது, மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது என்றால் உடனே பிளாக்கை எடுத்துப் பார்த்து மறுவெட்டு கேளுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கினால், திசுவின் நீரை எடுக்கப் பயன்படும் ஆல்கஹால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பாட்டிலில் 'அப்சொல்யூட்' என்று எழுதியிருந்தாலும் உள்ளே அப்படி இருக்காது. நீரற்ற காப்பர் சல்ஃபேட் வெள்ளைத் தூளைக் கொஞ்சம் துணியில் கட்டி ஆல்கஹாலின் அடியில் போட்டுவைத்தால், நீலமாக மாறும்போது ஈரம் ஏறிவிட்டது என்று தெரியும். ஸ்லைடை ஆல்கஹாலுக்கு அடுத்த கட்டமான சைலீனில் இறக்கியதும் பால் மாதிரி கலங்கினால் அதுவும் அதே சேதிதான். பின்னோக்கி ஆல்கஹாலுக்குப் போய், மாற்றிவிட்டு வர வேண்டும்.

மின்சாரம் இன்னொரு கவலை. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. திசுவை ஒவ்வொரு திரவமாக மாற்றும் பிராசஸர் பாதியில் நின்றால் கூடை காற்றில் தொங்கிக் காய்ந்துபோகும். உடனே எடுத்து, அது எந்தக் கட்டத்தில் நின்றதோ அந்தத் திரவத்திலேயே கையால் மூழ்கவைக்கவும். நீண்ட நேரம் ஆகும் என்று தெரிந்தால், சைலீனுக்குப் போகாத திசுவுக்கு 70 சதவீத ஆல்கஹால் பாதுகாப்பான இடம். கையால் பிராசஸ் செய்யும் வரிசையை, 70-ல் தொடங்கி அப்சொல்யூட், சைலீன், மெழுகு வரை, தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயத்தில் தண்ணீரின் குணம் நேராகத் தெரியும். உட்கருவுக்கான சாயமான ஹெமடாக்சிலின் போட்டு, 1 சதவீத அமில ஆல்கஹாலில் ஓரிரு முக்கு முக்கியதும் உட்கரு செந்நிறமாக இருக்கும். காரத்தன்மையுள்ள ஓடும் தண்ணீரில் வைத்தால்தான் நீலமாகும். குழாய்த் தண்ணீர் நன்றாக இருந்தால் ஐந்து நிமிடம் போதும். மருத்துவமனையில் ஆர்.ஓ. தண்ணீர் வந்துவிட்ட இடங்களில் அது லேசாக அமிலப் பக்கம் இருப்பதால் நீலம் ஏறாது, ஊதாவாகவே நின்றுவிடும். அப்போது ஒரு லிட்டரில் சோடியம் பைகார்பனேட் 3.5 கிராம், மெக்னீசியம் சல்ஃபேட் 20 கிராம் கரைத்த ஸ்காட் கரைசலை வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்து உவர்நீரில் கழுவிக் காயவைத்த ஸ்லைடில் உப்புப் படிகம் நிற்கும்.

இதே ஈரமும் தண்ணீரும் ரத்தவியலில் வேறு முகத்தோடு வரும். ரத்தத்துக்குப் போடும் லீஷ்மன் சாயம் என்பது 100 மி.லி. அசிட்டோன் கலக்காத மெத்தனாலில் 0.15 கிராம் பொடி. இரண்டு நிமிடம் அப்படியே, பிறகு இரண்டு மடங்கு பஃபர் நீர் சேர்த்து ஏழு முதல் பத்து நிமிடம். பஃபர் பி.எச். 6.8. போர்வெல் தண்ணீரை ஊற்றினால் சிவப்பணுக்கள் நீலம் பாய்ந்து, ஈயோசினோஃபில் என்ற வெள்ளணு எது என்றே தெரியாது. மழைக்காலத்தில் மெத்தனால் ஈரம் இழுத்தாலோ, ஸ்மியர் (கண்ணாடியில் தேய்த்த ரத்தப் படலம்) முழுக்கக் காயும் முன் சாயம் ஊற்றினாலோ, சிவப்பணுக்களுக்குள் பளபளக்கும் வளையங்கள் தோன்றும். புதிதாகச் சேர்ந்தவர் அதைக் குறைந்த ஹீமோகுளோபின் என்றும், மலேரியா ஒட்டுண்ணி என்றும் எழுதுவதுண்டு. நுண் திருகைத் திருப்பிப் பாருங்கள்: ஃபோகஸ் விலகும்போது வளையம் கண்ணாடித்துண்டு மாதிரி மின்னினால் அது தண்ணீர். ஸ்மியரை மின்விசிறிக்கு நேராக வேகமாகக் காயவைப்பதும், மெத்தனால் பாட்டிலை உடனுக்குடன் மூடுவதும்தான் மருந்து.

டெங்கு சீசனில் இரவு முழுக்க பிளேட்லெட் கேட்டு போன் வரும். கருவி 30,000 என்று காட்டினால் அப்படியே சொல்லிவிடாதீர்கள். ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்த ஈ.டி.டி.ஏ.வால் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாய் ஒட்டிக்கொண்டிருக்கலாம், குழாயில் உறைகட்டி இருக்கலாம். ஸ்மியரின் ஓரத்தையும் வாலையும் முதலில் பாருங்கள். சிவப்பணுக்கள் தொட்டும் தொடாமலும் நிற்கும் இடத்தில், எண்ணெய் லென்ஸில் பத்துப் புலங்களை எண்ணி, சராசரியை 15,000ஆல் பெருக்கினால் தோராயக் கணக்கு வரும். கொத்து இருந்தால் சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கவும்.

வயல்வேலை நேரத்தில் பாம்புக்கடி. 20 நிமிட உறைவுச் சோதனை வார்டிலேயே நடந்தாலும், அது தப்பாகப் போகும்போது கேள்வி நம்மிடம்தான் வரும். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், 20 நிமிடம் ஆட்டாமல், பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக்கிலும் நல்ல ரத்தமே உறையாது. தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறும். சிட்ரேட் குழாயைக் கோடுவரை நிரப்பாமல் அனுப்பினாலும் உறைவு நேரம் பொய்யாக நீளும். கண்ணாடி விரியன் கடித்தவரின் ஸ்மியரில் உடைந்த சிவப்பணுக்களைத் தேடுங்கள். சிறுநீரகம் கெடப்போவதை அது முன்கூட்டிச் சொல்லக்கூடும்.

கும்பகோணம் வட்டாரம் யானைக்கால் நோய்க்கு நெடுங்காலம் பேர்போனது. அந்தப் புழுவின் குஞ்சான மைக்ரோஃபைலேரியாவைத் தேடுவதானால் ரத்தம் எடுக்க வேண்டியது இரவு 10 முதல் 2 மணி வரை. உறை இருக்கும், வால் நுனிவரை உட்கரு போகாது; அது வூச்சரேரியா என்ற யானைக்கால் புழு. ஸ்மியரின் வால் பகுதியில் ஒதுங்கிக் கிடக்கும். மார்பகக் கட்டியில் குத்திய ஊசியிலும் எதிர்பாராமல் வரும். அதே மாதிரி, குளத்தில் குளிக்கும் பழக்கம் உள்ளவரின் மூக்குச் சதையில் தடித்த சுவருடைய பெரிய பைகளும் உள்ளே எண்ணற்ற வித்துகளும் தெரிந்தால் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற தொற்று. இவற்றை ஒருமுறை கண்ணால் பார்த்து வைத்துவிட்டால் மறக்காது. மியூசியத்தையும் பழைய ஸ்லைடுப் பெட்டிகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கட்டியில் மெல்லிய ஊசி குத்திச் செல்களை எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. அறையில்தான் நோயாளியை நேரில் பார்க்கிறோம். "ஊசி குத்துனா கட்டி பரவிடுமாமே பாப்பா?" என்று கேட்பார்கள். பரவாது, இந்த ஊசி ரொம்பச் சின்னது, என்ன கட்டி என்று தெரிந்தால்தான் சரியான வைத்தியம் கொடுக்க முடியும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுக் குத்துங்கள். பயந்தவர் கழுத்தை இறுக்கினால் கட்டி நழுவும். 23 கேஜ் ஊசி, 10 மி.லி. சிரிஞ்சு. தைராய்டுக்கு 25 கேஜ், உறிஞ்சாமல் வெறும் ஊசியாலேயே, ரத்தம் குறையும். உறிஞ்சினால், வெளியே எடுக்கும் முன் பிஸ்டனைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் மாதிரி சிரிஞ்சுக்குள் ஏறிக்கொள்ளும். பாப் சாயத்துக்கான ஸ்லைடு அந்த நொடியே 95 சதவீத ஆல்கஹாலில் இறங்க வேண்டும். ஜீம்சா சாயத்துக்கானது வேகமாகக் காய வேண்டும். கழுத்து முடிச்சில் சீழ் வந்தால் ஒரு பங்கைக் காசநோய்க் கிருமியைக் காட்டும் இசட்.என். சாயத்துக்கும், ஒரு பங்கைச் சலைனில் காசநோய் மூலக்கூறுச் சோதனைக்கும் பிரித்துவிடுங்கள். தைராய்டில் பத்துச் செல்லாவது உள்ள ஆறு கொத்துகள் இல்லையென்றால் போதாது என்று எழுதி மறுபடி குத்துவதே நேர்மை. தொட்டுப் பார்க்கும்போது கட்டி துடித்தால், குத்தாமல் ஊசியைக் கீழே வைத்துவிடுங்கள்.

அறுவை நடக்கும்போதே உறையவைத்து வெட்டிப் பார்க்கும் ஃப்ரோசனுக்கு வரும் திசு சலைனில் மிதந்து வரக் கூடாது, ஐஸ் படிகம் குத்தும். ஈரத் துணியில் சுற்றி வரட்டும். 20 நிமிடத்துக்குள் பதில். போனில் சொன்னதைத் தியேட்டரில் இருப்பவர்கள் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேதப் பரிசோதனை இதயங்களில் கரோனரியை 3 மி.மீ. இடைவெளியில் குறுக்காக வெட்ட வேண்டும். சில மணி நேரத்தில் இறந்தவரின் தசையில் மாரடைப்பு மாற்றம் தெரியாது என்பதால் 'இல்லை' என்று எழுதக் கூடாது. ஆய்வேட்டுக்கு மருத்துவமனையில் நிறைய வரும் நோயையே எடுங்கள். அபூர்வ நோயை எடுத்தவர்கள் மூன்றாம் வருடத்தில் எண்ணிக்கை சேராமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறோம்.

பேராசிரியரோடு ஸ்லைடு பார்த்து முடிவு எழுதும் சைன்-அவுட்டுக்குப் போகும் முன் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் உங்கள் முடிவைப் பென்சிலால் எழுதிக்கொண்டு போங்கள். மனதில் வைத்திருந்தால், சார் சொன்னதும் 'நானும் அதைத்தான் நினைத்தேன்' என்று தோன்றிவிடும். முதலில் வெறும் கண்ணால் ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எத்தனை துண்டு, எங்கே நீலம் கூடுதல் என்று. பிறகு சின்ன லென்ஸில் எல்லாத் துண்டுகளையும் ஓரம்வரை. நேராக 40 மடங்கு லென்ஸுக்குப் போகிறவர் முதல் துண்டில் அழற்சியைப் பார்த்துவிட்டு நான்காம் துண்டின் புற்றைத் தவறவிடுவார். கிராசிங்கில் 2 செ.மீ. கட்டி என்று எழுதியிருந்து ஸ்லைடில் ஒன்றுமே இல்லையென்றால், டப்பாவைத் தேடிப் போய் மறுபடி வெட்டுங்கள். அதற்காகத்தான் மிச்சத் திசுவை ரிப்போர்ட் போகும்வரை கொட்டக் கூடாது.

டெல்டாவிலிருந்து பலர் சிகிச்சைக்கு அடையாறு, வேலூர், புதுச்சேரி என்று போவார்கள். பிளாக்கும் ஸ்லைடும் கேட்டு வருவார்கள். இருப்பதில் கட்டி நன்றாக உள்ள ஒரு பிளாக்கைக் கொடுத்து, அதே அளவு நல்ல இன்னொன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால் சாயம் போடாத ஸ்லைடுகளை வெட்டிவைத்துக்கொண்டு கொடுங்கள். பதிவேட்டில் எண், தேதி, வாங்கியவர் கையெழுத்து, போன் எண். மெழுகு வெயிலில் உருகும் என்பதால் பஸ்ஸில் ஜன்னலோரம் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். மாதம் ஒருமுறை அந்த எண்களுக்குப் போன் செய்து, அங்கே கொடுத்த ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி, உங்கள் ஸ்லைடோடு சேர்த்து வைத்து மறுபடி பாருங்கள்.